பயணம் எனக்குத்தான்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. பின்னேரங்களில் முன்னறை வகுப்பறையாகிவிடும். சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் கதிரைகளைப் பரப்பிப் போட்டு, பல வருடங்களாக அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். ஓ.எல். பரீட்சை எடுக்கும் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். லண்டனில் மாப்பிள்ளை சரிவந்த பெண்கள் வருவார்கள். கனடா விசாவுக்காக ஆங்கிலச் சோதனை எழுதப்போகும் இளந்தாரிகள் வேலை முடிந்து களைத்துப்போய் வருவார்கள். சித்தியடைந்ததும் ஒரு கேக் பெட்டியோடு வந்து நின்று சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் பறந்துவிடுவார்கள். நான் கதிரையை அடுத்த ஆளுக்குத் துடைத்துப் போடுவேன்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. ஒரு தடவை திருச்சிக்கும் மதுரைக்கும் கோயில் பார்க்கப் போனதுதான் நான் கண்ட வெளிநாடு. யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை எழுதியவள். பெறுபேறு நல்லதுதான், பல்கலைக்கழகத்துக்கு மட்டும் எட்டவில்லை. பிறகு கொழும்புக்கு வந்து ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருந்தேன். அங்கேதான் என் ஆங்கிலம் வாய்க்கு வந்தது. பல்வலிக்காரர்கள் இலக்கணம் பார்ப்பதில்லை, நானும் பயப்படாமல் பேசப் பழகினேன். கல்யாணம், மகள், ரியூசன் என்று காலம் ஓடியது. பட்டம் என்பது மற்றவர்களின் வீட்டுச் சுவரில் கறுப்பு அங்கியோடு தொங்கும் படம் என்ற அளவில் நின்றுவிட்டது.

ஒரு சனிக்கிழமை, முன்பு என்னிடம் படித்த ஒருவன் வீட்டுக்கு வந்தான். கம்போடியாவின் தலைநகர் புனோம் பென்னில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறான். விடுமுறையில் வந்தவன் காயவைத்த மாம்பழத் துண்டுகள் ஒரு பைக்கற் கொண்டுவந்தான். தேநீர் குடித்துக்கொண்டே முன்னறையைச் சுற்றிப் பார்த்தான்.

"ரீச்சர், நீங்கள் ஏன் அங்க வந்து படிப்பிக்கக்கூடாது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "அங்கயோ? ஏனடா, இஞ்ச ஆக்கள் காணாதோ?"

"பகிடி இல்லை ரீச்சர். அங்க சந்திக்குச் சந்தி இங்லிஷ் ஸ்கூல். சின்னப் பிள்ளையள், வேலைக்குப் போற ஆக்கள், எல்லாரும் படிக்கினம். ஒழுங்காப் படிப்பிக்கிற ஆக்கள்தான் இல்லை."

"எனக்கு டிகிரி இல்லை."

"எல்லா இடத்திலயும் கேக்கிறேல்லை எண்டு நினைக்கிறன். ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோவன்."

அவன் போன பிறகு கோப்பைகளைக் கழுவப் போனேன். மகள் குசினிக்குள் வந்து, "அம்மா, அந்தக் கோப்பையை எவ்வளவு நேரமாக் கழுவுறீங்கள்?" என்று கேட்டபோதுதான் தண்ணீரை நிறுத்தினேன். 

மகள் கணக்கியல் படித்துவிட்டு ஒரு நிறுவனத்தில் பயிற்சியில் இருந்தாள். எதையும் சரிபார்க்காமல் நம்பமாட்டாள். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நாடு நாடாகத் தேடத் தொடங்கினாள். நான் பக்கத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

"கொரியா. டிகிரியும் வேணும், அதோட இங்லிஷ் தாய்மொழியான சில நாட்டுப் பாஸ்போட்டும் வேணும். கட்."

"சரி, அடுத்தது."

"ஜப்பான். டிகிரி. கட். சீனா, டிகிரி. வியட்நாம், டிகிரி. கட், கட்."

அவள் 'கட்' சொல்லச் சொல்ல எனக்கு நம்பிக்கை குறைந்திருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. உலகத்தில் இத்தனை இடங்களில் ஆங்கிலம் படிப்பிக்க ஆள் தேடுகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய புதினமாக இருந்தது. நான் படிப்பித்து அனுப்பியவர்கள் போன நாடுகளை மட்டும்தான் நான் உலகம் என்று நினைத்திருந்தேன்.

மகள்தான் ஒன்றை அழுத்திச் சொன்னாள். "அம்மா, படிப்பிக்கிறது வேற, சட்டப்படி படிப்பிக்கிறது வேற. கனபேர் ரூரிஸ்ட் விசாவில போய் நிண்டு படிப்பிக்கினம் எண்டு போட்டிருக்கு. பிடிபட்டா ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள். எங்களுக்கு வேலை அனுமதி தாற இடம்தான் வேணும்."

அடுத்த கிழமை காலி வீதியில் ஒரு மாடிப்படி ஏறி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். குளிரூட்டிய சின்ன அறை. கண்ணாடி மேசைக்குப் பின்னால் வாசனை பூசிக்கொண்டு ஒரு தம்பி இருந்தார்.

"டிகிரி ஒரு பிரச்சினையே இல்லை அக்கா. எடுத்துத் தரலாம்."

"அது எத்தினை வருசப் படிப்பு?"

"படிக்கத் தேவையில்லை அக்கா. எடுத்துத் தரலாம் எண்டனே. எந்தப் பாடத்தில வேணுமெண்டு மட்டும் சொல்லுங்கோ."

நல்ல மனுசர்போல, சேலைக்கடையில் நிறம் கேட்பதுபோலத்தான் கேட்டார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன். படிக்கட்டில் இறங்கும்போது கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

இரவுச் சாப்பாட்டில் அதைச் சொன்னேன். அதுவரை இவர், என் கணவர், இந்தப் பேச்சில் வாயே திறக்கவில்லை. பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் இறக்குமதி செய்யும் கடையில் கணக்குப் பார்க்கிறவர். நாள் முழுக்கச் சத்தத்துக்குள் இருந்துவிட்டு வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொள்வார். அன்றைக்கு இடியப்பத்தைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தார்.

"நாங்கள் இந்தக் கொழும்பில சண்டைக் காலத்தில பொலிஸ் பதிவுத் துண்டையும் அடையாள அட்டையையும் சேர்ட் பொக்கற்றில வச்சுக்கொண்டு எவ்வளவு காலம் திரிஞ்சனாங்கள். துண்டு சரியா இருந்தும் செக்பொயின்றைக் கண்டா நெஞ்சு இடிச்சது. பொய்த் துண்டோட ஒரு நாட்டில போய் நிண்டு நீர் என்னெண்டு நித்திரை கொள்ளுவீர்?"

"அதுதானே எழும்பி வந்திட்டன்."

"ம். சரியான வழி என்னெண்டு பாரும்."

அவர் 'போகாதேயும்' என்று சொல்லவில்லை. அது எனக்குச் சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்கும்போதுதான் உறைத்தது. மகளும் அதைக் கவனித்திருந்தாள். குசினிக்குள் வந்து என் இடுப்பில் இடித்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு நேரே பள்ளிக்கூடங்களுக்கே எழுதினேன். கடிதத்தின் முதல் வரியே 'எனக்குப் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை' என்பதுதான்.

"அம்மா, அதைக் கடைசியில போடுவம். முதல் உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ," என்றாள் மகள்.

"வேண்டாம். வாசிச்சு முடிச்சுப்போட்டு ஏமாறுறதைவிட முதலே தெரியட்டும்."

பல இடங்களிலிருந்து பதிலே இல்லை. சிலர் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் மட்டும் என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். ஒரு காலை, மரக்கறி வெட்டிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி 'டிங்' என்றது. புனோம் பென்னில் ஒரு நடுத்தரப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை எழுதியிருந்தார். தாங்கள் எடுக்கும் வேலை அனுமதிக்குப் பட்டம் கட்டாயமில்லை என்றார். ஆனால் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிச் சான்றிதழ் தங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டாயம். அதுவும் கணினியில் மட்டும் படித்து வாங்கியது கூடாது. உயிருள்ள மாணவர்கள் முன் நின்று, ஒரு பயிற்றுநர் பார்த்துக்கொண்டிருக்க, படிப்பித்துப் பெற்றதாக இருக்க வேண்டும். உயர்தரச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி, பொலிஸ் அறிக்கை, மருத்துவ அறிக்கை ஆகியவையும் வேண்டும். 'இவை இருந்தால் அனுமதியை நாங்களே விண்ணப்பித்து எடுப்போம். சான்றிதழ் கிடைத்ததும் எழுதுங்கள், பேசுவோம்.'

பாதி வெட்டின கத்தரிக்காயை அப்படியே விட்டுவிட்டு பல்கனிக்குப் போனேன். மாடிக் கட்டடங்கள் இரண்டுக்கு இடையில் ஒரு கீற்றுக் கடல் தெரியும். அன்றைக்கு அது என்னமாய் மினுங்கியது! உள்ளே வந்து பார்த்தால் கத்தரிக்காய் கறுத்துப்போயிருந்தது. அன்றைக்குப் பருப்பும் சம்பலும்தான்.

கொழும்பிலேயே அந்தப் பயிற்சி இருந்தது. பம்பலப்பிட்டியில் பாட வகுப்பு. கற்பித்தல் பயிற்சி கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில். அங்கே ஆங்கிலம் படிக்க விரும்பும் பெரியவர்களுக்கு இலவச வகுப்பு என்று அறிவித்திருந்தார்கள். அவர்களுக்கு இலவசம், எங்களுக்குப் பரீட்சை. என்னோடு படித்தவர்கள் எல்லோரும் மகளின் வயது. எங்கள் பயிற்றுநரோ அவர்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண். சிரித்த முகம். முதல் நாள் என்னைப் பார்த்து, "நீங்கள் ஏற்கனவே ரீச்சரா? அப்படியானால் உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதல் பயிற்சி வகுப்பில் நன்றாக விளங்கியது.

அன்றைக்கு மண்டபத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மூன்று பேர் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறார்கள். பேலியகொடை மீன் சந்தையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு முதலாளி. உல்லாச ஹோட்டல்களின் சமையல் தலைவர்களோடு நேரே பேசி விற்க வேண்டும் என்று வந்தவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடலை நிரப்பிக் கட்டும் நகரத்தில் வேலை செய்யும் ஒரு சீன எஞ்சினியர். மற்றவர் கொட்டாஞ்சேனை அம்மா ஒருவர். அவருடைய மகன் அவுஸ்திரேலியாவில் வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் முடித்திருந்தான். "மருமகளோட கதைக்க வேணும் மிஸ். வீடியோவில ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சே கன்னம் நோகுது," என்றார்.

நான் இரண்டு நாள் இருந்து ஆயத்தம் செய்திருந்தேன். பலகை முழுக்க மூன்று நிறத்தில் காலங்களை எழுதி, அம்புக்குறி போட்டு, உதாரணம் சொல்லி, இன்னொரு உதாரணம் சொல்லி, அருமையாக விளக்கினேன். முடித்தபோது எனக்கே ஒரு பாட்டுக் கச்சேரி செய்து முடித்ததுபோல் இருந்தது.

பிறகு பயிற்றுநர் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"மிஸ், மிக அழகான வகுப்பு. எல்லாவற்றையும் நீங்களே செய்தீர்கள். அவர்கள் வாய் திறந்தது கொட்டாவி விடுவதற்கு மட்டும்தான்."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. "விளங்கப்படுத்தாமல் எப்படிப் பேசுவார்கள்?"

"அந்த அம்மா மருமகளோடு பேச வந்தவர். இன்றைக்கு ஒரு வசனமாவது பேசிவிட்டு வீட்டுக்குப் போனாரா?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது புறக்கோட்டை நெரிசலில் நெடுநேரம் நின்றோம். எனக்குக் கோபம். மகளின் வயதுப் பெட்டை எனக்குச் சொல்லித்தருகிறாளே என்று கோபம். கொள்ளுப்பிட்டி தாண்டும்போது அந்தக் கோபம் வேறொன்றாக மாறத் தொடங்கியது. அவள் சொன்னது ஒரு வித்தை. எனக்குத் தெரியாத ஒரு வித்தை! இந்த வயதில், என் சொந்தத் தொழிலுக்குள்ளேயே, நான் திறந்து பார்க்காத ஓர் அறை இருக்கிறது. வெள்ளவத்தையில் இறங்கும்போது எனக்கு அடுத்த வகுப்பு எப்போது வரும் என்று கைகால் பரபரத்தது.

மறுநாள் புறக்கோட்டைக்குப் போய் விளையாட்டுச் சாமான் கடையில் பிளாஸ்டிக் மீன்கள் வாங்கினேன். சிவப்பு, நீலம், ஒன்று மட்டும் வால் உடைந்தது. கடைக்காரர், "பேரப்பிள்ளைக்கோ?" என்று கேட்டார். "இல்லை, முதலாளி ஒருவருக்கு," என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார்.

அடுத்த வகுப்பில் சீன எஞ்சினியரை மீன் கடைக்காரராக மேசைக்குப் பின்னால் நிறுத்தினேன். பேலியகொடை முதலாளியை வாங்க வந்தவராக அனுப்பினேன். தேவையான வசனங்கள் நாலைந்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிப் பழக்கியிருந்தேன். பிறகு மண்டபத்தின் பின்பக்கம் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். அதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான வேலை. வாய் துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முதலாளி வால் உடைந்த மீனைத் தூக்கிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். "திஸ் ஃபிஷ் ஓல்ட்!" என்று கத்தினார்.

"நோ ஓல்ட்! டுடே ஃபிஷ்!" என்றார் எஞ்சினியர்.

"லுக் த ஐ! லுக்! ஐ ஸ்லீப்பிங்!" முதலாளி மீனின் கண்ணைக் குத்திக் காட்டினார்.

"ஐ நோ ஸ்லீப்பிங்! யூ ஸ்லீப்பிங்!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. கொட்டாஞ்சேனை அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் கூப்பிடாமலே எழும்பிப் போய் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டார். இடுப்பில் கையை வைத்து, எஞ்சினியரைப் பார்த்து, "வை யூ ஷௌட் மை பிரதர்? கிவ் குட் பிரைஸ்!" என்றார். அந்த அம்மா ஒரு கேள்வியும் ஒரு கட்டளையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார் என்பது சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.  முடிவில் அவர்கள் சொன்ன வசனங்களையே பலகையில் எழுதி, எல்லோரும் சேர்ந்து திருத்தினோம். பயிற்றுநர் கதவடியில் நின்று இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினாள்.

சான்றிதழ் கையில் கிடைத்த அன்றே அந்தத் தலைமை ஆசிரியைக்கு எழுதினேன். வீடியோவில் பேசுவோம் என்று பதில் வந்தது.

நல்ல சேலை கட்டி, முன்னறையில் விசிறியை நிறுத்தி, மடிக்கணினிக்கு முன் இருந்தேன். மகள் திரைக்குத் தெரியாமல் நிலத்தில் இருந்தாள். தலைமை ஆசிரியை ஐம்பது வயது மதிக்கத்தக்க கெமர் இனப் பெண். மென்மையான குரல். சுருக்கமாகப் பேசினார்.

"உங்கள் கடிதத்தின் முதல் வரி எனக்குப் பிடித்தது. இப்போது எனக்கு ஏதாவது படிப்பியுங்கள். என்னை ஒன்றும் தெரியாத மாணவி என்று நினைத்துக்கொள்ளுங்கள்."

நான் பழங்களின் படங்களை ஆயத்தமாக வைத்திருந்தேன். முதல் படத்தைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்துக் கரையோர ரயில் வந்தது. எங்கள் ஒழுங்கையின் முடிவில்தான் தண்டவாளம். யன்னல் கண்ணாடி அதிர, ஹோர்ன் அடித்துக்கொண்டு அது போகும்வரை நான் பேசினால் அவருக்குக் கேட்காது. நிலத்தில் இருந்த மகள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குத் திடீரென்று கொட்டாஞ்சேனை மண்டபத்தில் நிற்பதுபோல் இருந்தது. படத்தைக் கீழே வைத்தேன். ஒரு விரலைக் காதில் வைத்து, கண்ணை அகல விரித்து, திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்: என்ன சத்தம்?

அவர் முன்னுக்குச் சாய்ந்தார். "கடலா?"

இல்லை என்று தலையாட்டினேன். கையைச் சில்லுபோலச் சுற்றிக் காட்டினேன்.

"ரயில்! அது ஒரு ரயில்!"

சத்தம் அடங்கியது. "ஓம், ரயில். எங்கே போகிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"எனக்குத் தெரியாது... கடற்கரைக்குப் போகிறது?"

"அதில் யார் இருக்கிறார்கள்?"

அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். வேலை முடிந்து வீடு போகிறவர்கள், தூங்குகிற ஒருவர், பாட்டுப் பாடுகிற ஒரு குருடர் என்று ரயிலை அவரே நிரப்பினார். நான் கேள்வி மட்டும் கேட்டேன். பழங்களின் படங்கள் மேசையில் கிடந்தபடி கிடந்தன. கடைசியில் அவர் நாற்காலியில் சாய்ந்து, "மாணவி களைத்துவிட்டாள். வருகிற பள்ளித் தவணைக்கு வரமுடியுமா?" என்று கேட்டார்.

திரை அணைந்ததும் மகள் கத்திய சத்தத்தில் எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டி, "என்ன, ஆருக்கும் சுகமில்லையோ?" என்று கேட்டார்.

அன்று இவர் வேலையால் வந்ததும் சொன்னேன். ஒரு வருட ஒப்பந்தம், நடுவில் விடுமுறை உண்டு, வேலை அனுமதியைப் பள்ளிக்கூடம் எடுக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒரு சப்பாத்தோடு அப்படியே இருந்தார்.

"ஒரு வருசம்," என்றார்.

"ஓம். நீங்கள் வேண்டாம் எண்டா..."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை." மற்றச் சப்பாத்தையும் கழற்றி வைத்தார். பிறகு, "எனக்குச் சோறு காய்ச்சத் தெரியும். கறிதான் பிரச்சினை. போறதுக்கு முதல் ரெண்டு மூண்டு காட்டித் தாரும்," என்றார்.

அந்தக் கிழமையே பருப்பும் மீன் குழம்பும் பழகத் தொடங்கினார். புளி விடும் நேரத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிடுவார்.

அதற்குப் பிறகு பத்திரங்களின் காலம். பொலிஸ் அறிக்கை எடுத்தேன். உயர்தரச் சான்றிதழையும் பயிற்சிச் சான்றிதழையும் உறுதிப்படுத்தப் பத்தரமுல்லையில் உள்ள அரச அலுவலகத்துக்குப் போனேன். வேலைக்கு வெளிநாடு போகிறவர்கள் புறப்படுமுன் பதிய வேண்டும் என்பது எங்கள் நாட்டுச் சட்டம், அதையும் செய்தேன். போகும் இடமெல்லாம் ஒரே கேள்வி. படம் எடுக்கப் போன ஸ்டூடியோவில், "மகளைக் கூட்டிக்கொண்டு வரேல்லையோ?" என்றார்கள். மரக்கறிக் கடையில், "மகள் எந்த நாட்டுக்கு?" என்றார்கள். பத்தரமுல்லையில் கருமபீடத்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் என் பத்திரங்களைப் புரட்டிக்கொண்டே சிங்களத்தில், "கவுத யன்னே? துவத?" என்று கேட்டார். யார் போகிறார், மகளா என்று.

"நே. மம," என்றேன். இல்லை, நான்தான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பாஸ்போட் படத்தைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். பிறகு முகம் முழுக்கச் சிரித்து, பக்கத்து மேசைக்காரிக்கும் சொன்னார். முத்திரை குத்தும் சத்தம் கேட்டபோது எனக்கு மேளம் அடித்ததுபோல் இருந்தது. வெளியே வந்து அந்தப் பிரதியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். என் உண்மையான பெயர், என் உண்மையான பெறுபேறு, அதற்கு மேல் ஈரம் காயாத முத்திரை. அதில் ஓர் எழுத்தும் இரவல் இல்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எல்லாம் தலைகீழாக நடந்தது. மகள்தான், "போய் இறங்கினவுடன மெசேஜ் போடுங்கோ. கண்டதையும் வாங்கிச் சாப்பிடாதேங்கோ. பாஸ்போட்டைக் கையில வச்சிருங்கோ," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் என் பெட்டியின் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார். உள்ளே போகும் நேரம், "சரி ரீச்சர், வெளிக்கிடும்," என்றார். அந்தச் சொல்லால் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தேன். பார்த்திருந்தால் அழுதிருப்பேன், அன்றைக்கு எனக்கு அழ விருப்பமில்லை.

கோலாலம்பூரில் விமானம் மாறி, புனோம் பென்னில் இறங்கி, பள்ளிக்கூடம் அனுப்பிய வண்டியில் போகும்போது கடைப் பலகைகளின் எழுத்துகளையே பார்த்துக்கொண்டு போனேன். ஒன்றும் வாசிக்கத் தெரியவில்லை, ஆனாலும் வளைவும் சுழியும் எங்கள் பக்கத்து எழுத்துகளின் தூரத்து உறவினர்போல இருந்தன. என் முன்னாள் மாணவன் முதல் ஞாயிறு வந்து, தேங்காய்ப்பால் எங்கே வாங்கலாம், வீதியை எப்படிக் கடக்கலாம் என்று காட்டினான். வீதியைக் கடப்பதில் எனக்குப் பாடம் தேவைப்படவில்லை. காலி வீதியில் பழகியவள்.

பகலில் சிறுவர்கள், பின்னேரத்தில் வேலை செய்யும் பெரியவர்கள். முதல் நாள் பின்னேர வகுப்பில் ஒரு பெண் கையை உயர்த்தி, "ரீச்சர், நீங்கள் ஆங்கிலத்தை எந்த வயதில் படித்தீர்கள்?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் படித்தேன், பேசப் பழகியது இருபது வயதுக்குப் பிறகு ஒரு பல் கிளினிக்கில் என்றேன். வகுப்பில் ஒரு சலசலப்பு. பின் வரிசை வாங்கில் இருந்த நரைத்த மனிதர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ஒரு வங்கியில் காவலாளி. அன்றைக்குப் பிறகு அவர்தான் முதலில் கையை உயர்த்துகிறவர்.

வேலை அனுமதி கொஞ்சம் பொறுத்து வந்தது. தலைமை ஆசிரியை என் மேசைக்கே கொண்டுவந்து தந்தார். தொழில் என்ற இடத்தில் ஆசிரியர் என்று இருந்தது. படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். இவர் ஒரு கட்டைவிரல் குறியை மட்டும் பதிலாக அனுப்பினார். மகள் பிறகு சொன்னாள், அந்தப் படத்தைக் கடையில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாராம்.

தவணை விடுமுறைக்கு நான் கொழும்புக்குப் போவதாக இருந்தது. அதற்கு முதலே, "நான் வந்து பாக்கட்டோ?" என்று இவர் கேட்டார். இரும்புக்கடையில் லீவு எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனியாக விமானம் ஏறி வந்தார். பெட்டியில் பாதி மிளகாய்த்தூளும் கருவாடும்.

என் பின்னேர வகுப்பு அவரைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தது. கேள்விகளை முன்கூட்டியே எழுதி ஆயத்தமாக வைத்திருந்தார்கள். இவருக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். எனக்கு முன்னால் பேசுவதற்கு மட்டும் எப்போதும் வெட்கம். வகுப்புக்கு முன்னால் ஒரு கதிரையில், முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பையன்போல இருந்தார். நான் பின்பக்கம் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"சேர், உங்கள் மனைவி வீட்டிலும் இவ்வளவு கேள்வி கேட்பாரா?"

"யெஸ். மோர்," என்றார். வகுப்பு சிரித்தது.

"அவர் இல்லாதபோது யார் சமைக்கிறார்?"

"மீ." பெண்கள் கைதட்டினார்கள்.

"ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் என்ன செய்வார்?"

இவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முதல் தடவையாக முழு வசனமாகவே தொடங்கினார். "எவ்ரி சண்டே, ஷி கோ டு த மார்க்கட் வெரி ஏர்லி..."

முன் வரிசை வாங்கில் இருந்த ஒரு சின்னப் பெட்டை, கைத்தறிக் கடையில் வேலை செய்கிறவள், மரியாதையாகக் கையை உயர்த்தினாள்.

"சேர், மன்னிக்க வேண்டும். 'ஷி கோஸ்'."

 இவர் அவளைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, எல்லோருடைய தலைக்கும் மேலாகச் சுவரடியில் நின்ற என்னைப் பார்த்தார். கல்யாண வீட்டில்கூட நான் அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைக் கண்டதில்லை.

"ஷி கோஸ்," என்று திருத்திச் சொல்லி, சந்தையை விட்டுவிட்டு அதோடு நிறுத்தினார்.